கடல் பட்டியலில் இல்லை

அடுப்பு விரிசல் விட்டதால்தான் ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. அதற்கு முன் அடுப்பு விரிசல் விட்டது அவர் மகள் பிறந்த வருஷம். மகளுக்கு இப்போது கல்யாணமாகி, அவளுடைய மகன் பள்ளிக்கூடம் போகிறான். இரண்டு விரிசல்களுக்கும் நடுவில் அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. ரொட்டிக்கடைக்காரரும் ஒரு நாளும் ஊரை விட்டு நகரவில்லை.

கொத்தனார் வந்து அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "இன்னிக்குப் பூசிட்டா நாளைக்குக் காலையில பத்த வச்சிடலாம். ஆனா நீங்க பக்கத்துல நிக்காதீங்க. நீங்க பாத்துக்கிட்டிருந்தா எனக்குக் கை ஓடாது" என்றார் அடுப்புக்குள்ளிருந்தே.

ரொட்டிக்கடைக்காரர் கடை வாசலில் சும்மா நின்றார். சும்மா நிற்பது அவருக்குப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரத்திலேயே அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்.

"கிளம்பு. கடல் பாக்கப் போலாம்" என்றார் மனைவியிடம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், கடல் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதை ஒரு முறைகூட நினைவுபடுத்தியதில்லை. நினைவுபடுத்தாமல் இருப்பதில் பல வகை உண்டு. அவளுடையது, மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது பின்கழுத்தில் உணரக்கூடிய வகை.

அவள் ஒரு பெரிய விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். துடைத்து முடித்த மேசைமேல் விரலை ஓட்டுவாள். விரலைத் திருப்பிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்துக்குப் பயந்தே விடுதி பளபளவென்று இருந்தது.

"இன்னிக்கா?" என்றாள்.

"இன்னிக்குத்தான். நாளைக்குப் பத்த வச்சாச்சுன்னா, அப்புறம் அது எப்ப விரியுமோ."

அவள் விடுதிக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு வரல. கடல் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, மறுமுனை வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். ரொட்டிக்கடைக்காரர், விரிசல் விடுவதற்கு முன் அடுப்பு கடைசியாகச் சுட்டுக்கொடுத்த ரொட்டியையும் ஒரு சின்ன டப்பாவில் வெண்ணெயையும் பையில் வைத்துக்கொண்டார்.

மதியத்துக்கு முன் பஸ் அவர்களை இறக்கிவிட்டது. திரும்பிப் போக ஆறு மணி பஸ்தான் கடைசி. அதைத் தவறவிட்டால் நாளைக்கு ஊருக்கு ரொட்டி கிடையாது.

பஸ் நிலையத்துக்கு எதிரே உயரமான கருங்கல் கோட்டைச் சுவர் ஒன்று நின்றது. கப்பலில் வந்து இந்த ஊரை ஆண்ட துரைமார்கள் கட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ பெரிய பெரிய போர்வைகளை உதறி உதறி விரிப்பது போல ஒரு சத்தம்.

"அதான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"எது?"

"கடல்."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு தன் கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். சுவரின் நடுவே ஒரு பெரிய வாசல். அதன்மேல், 'தொன்மைப் பேணல் வாரியம் உங்களை வரவேற்கிறது. வரிசையில் வரவும்' என்று எழுதியிருந்தது.

"கடல் பாக்கணும். ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

டிக்கெட் கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னது பாக்கணும்?"

"கடல்."

அவர் தன் முன்னாலிருந்த பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே காலியாக இருந்தது. "கடல் பட்டியல்ல இல்லையே சார்."

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு? சத்தம் கேக்குதே."

"சத்தம் கேக்கும். அதுக்கு நாங்க பொறுப்பில்ல. பட்டியல்ல ஏறணும்னா எந்த வருஷம் கட்டினது, யார் கட்டினது, யார் திறந்து வச்சதுன்னு ஆதாரம் வேணும் சார். கடலுக்கு ஒண்ணுமே இல்ல. தேடிப் பாத்துட்டோம்."

"அப்போ பாக்கவே முடியாதா?"

"ஏன் முடியாது? கலங்கரை விளக்கம் பட்டியல்ல இருக்கு. அதுமேல ஏறினா கடலும் கொஞ்சம் தெரியும்னு சொல்றாங்க. ஆனா நேரா அங்க போக முடியாது. வரலாற்று வரிசை. முதல்ல கட்டினத முதல்ல பாக்கணும். கலங்கரை விளக்கம் கடைசியா கட்டினது."

"நாங்க அது ஒண்ணை மட்டும் பாத்துட்டுப் போயிடறோமே."

"அதெப்படி சார்? பேரன் பொறந்துட்டான், தாத்தா இன்னும் பொறக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

ரொட்டிக்கடைக்காரர் பணத்தை எடுத்து நீட்டினார். இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டார். வாசலில் காவலாளி அவர் பையைத் திறந்து பார்த்தார்.

"இது என்னண்ணே?"

"ரொட்டி."

"எந்தக் காலத்து ரொட்டி?"

"நேத்துச் சுட்டது."

காவலாளி வருத்தத்தோடு தலையாட்டினார். "புதுப் பொருள் எதையும் உள்ள விடக் கூடாதுண்ணே. காலம் கலந்துடும்." யோசித்துவிட்டு, பையை ஒரு கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். "இப்ப எடுத்துட்டுப் போங்க. முத்திரைய உடைச்சா குத்தம். பசிச்சா வெளிய வந்து சாப்பிடலாம். ஆனா வெளிய வந்தா மறுபடி முதல்லேர்ந்து."

உள்ளே ஒரு கூட்டம் காத்திருந்தது. அதில் ஒருவர் கக்கத்தில் ஒரு சின்ன மெத்தையை இடுக்கிக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்து, பழைய சிநேகிதரைப் பார்த்தது போலச் சிரித்தார்.

"முதல் தடவையா? நான் மூணாம் நாளா வர்றேன். முதல் நாள் பீரங்கிகிட்ட தும்மிட்டேன். வெளிய அனுப்பிட்டாங்க. ரெண்டாம் நாள் சுங்க மண்டபத்துல தூங்கிட்டேன். அதுக்கும் வெளிய அனுப்பிட்டாங்க. இன்னிக்குத் தும்மாம, தூங்காம கலங்கரை விளக்கத்த எட்டிடணும்னு பாக்கறேன்."

"மெத்தை எதுக்கு?"

"அது போகப் போகத் தெரியும்."

வழிகாட்டிப் பெண் வந்தாள். வாரியம் எழுதிக்கொடுத்ததை மனப்பாடமாகச் சொல்லும்போது அவள் குரல் ஒரு விதமாகவும், சொந்தமாகப் பேசும்போது இன்னொரு விதமாகவும் இருந்தது. எல்லோரையும் ஒரு பீரங்கியின் முன்னால் நிறுத்தினாள்.

"கடல் வழியே வரும் பகைவரின் நெஞ்சை நடுங்கச் செய்வதற்காக இவ்விடத்தில் நிறுவப்பட்ட மாபெரும் பீரங்கி இது. அனைவரும் தலை தாழ்த்தி நிற்கவும்."

எல்லோரும் தலை தாழ்த்தினார்கள். மூன்றாம் நாள்காரர் மூக்கை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் தாழ்த்திய தலையை லேசாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கடல் அந்தப் பக்கம் இருக்கு. பீரங்கி பஸ் ஸ்டாண்டைப் பாத்து நிக்குதே?"

"கடல் காத்துல வாய் துருப்பிடிச்சுது சார். அதான் திருப்பி வச்சுட்டாங்க" என்றாள் சொந்தக் குரலில்.

"அப்போ பகைவன் வந்தா?"

"அவரும் முன்வாசல்ல டிக்கெட் எடுத்துட்டுத்தான் சார் வரணும்."

"இது எத்தனை பேரைச் சுட்டிருக்கும்?"

"ஒருத்தரையும் இல்ல சார். ஒரு தடவைகூட வெடிக்கல. அதனாலதான் இவ்வளவு நல்லா இருக்கு."

"நம்ம மாப்பிள்ளை மாதிரி" என்று மனைவி அவர் காதோரம் சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பை அடக்கியதில் தோள்கள் குலுங்கின. அவர் மரியாதையில் உருகிவிட்டதாக நினைத்து, வழிகாட்டிப் பெண் அவரைப் பாராட்டும் விதமாகப் பார்த்தாள்.

அடுத்தது சுங்க மண்டபம். நீளமான கூடம், சுவரோரமாக மர பெஞ்சுகள், எதிரே கம்பி போட்ட ஒரு சிறிய ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர், எதையும் பார்க்காத பார்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"சரக்கோடு வந்த வணிகர்கள் தங்கள் முறைக்காக அரை நாள் காத்திருந்த கூடம் இது" என்றாள் வழிகாட்டிப் பெண். "அந்த அனுபவத்தை நீங்களும் பெற வாரியம் ஏற்பாடு செய்துள்ளது. அமரவும்." பிறகு சொந்தக் குரலில், "அரை நாள் இல்லைங்க. சலுகை பண்ணிக் குறைச்சிருக்காங்க. ஆனா எவ்வளவுன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

மூன்றாம் நாள்காரர் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ரொட்டிக்கடைக்காரர் எழுந்து ஜன்னலருகே போனார். "சார், நாங்க இப்ப எதுக்காகக் காத்திருக்கோம்?"

எழுத்தர் அவரைப் பார்ப்பதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். "எதுக்காகவும் இல்ல."

"அப்போ போகலாமா?"

"எதுக்காவது காத்திருந்தா அது வேலை சார். எதுக்கும் இல்லாம காத்திருந்தாத்தான் அது பாரம்பரியம்." எழுத்தரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எங்க தாத்தா இந்த ஜன்னல்ல உக்காந்து காக்க வச்சாரு. அப்புறம் எங்கப்பா. இப்ப நான். சரக்கு வர்றது நின்னுது. துறைமுகத்த மூடினாங்க. துரைமாருங்க கப்பலேறிப் போயிட்டாங்க. ஆனா காக்க வைக்கிறத மட்டும் நாங்க ஒரு நாளும் நிறுத்தல. போய் உக்காருங்க. உங்களக் கூப்பிடுவேன்."

"எப்போ?"

"அது தெரிஞ்சா அப்புறம் என்ன காத்திருக்கிறது?"

ரொட்டிக்கடைக்காரர் திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்தின் மற்ற ஜன்னல்கள் எல்லாம் கடல் பக்கம்தான் இருந்தன; எல்லாவற்றுக்கும் கதவு அடைத்திருந்தது. உப்புக்காற்று உள்ளே வந்தால் பெஞ்சு கெட்டுவிடுமாம். மரப்பலகைக்குப் பின்னால் அந்தப் போர்வை உதறும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்படி ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் ஒருவர் உட்காரும்போது இன்னொருவர் எழுந்துகொள்வார். இங்கே இருவருக்கும் எழுந்து போக இடமில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பின்கழுத்தில் குத்தாத மௌனமாக அது இருந்தது. வாரியத்துக்குத் தெரிந்தால் இதற்கும் தனி டிக்கெட் போட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பெருசா இருக்கும்?" என்றாள் அவள், ஜன்னல் கதவைப் பார்த்தபடி.

"நானே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். அடுப்புக்குச் செங்கல் வாங்க வந்தப்போ. பாத்துக்கிட்டிருக்கும்போதே லாரி கிளம்புதுன்னு கூப்பிட்டுட்டாங்க. பாதிதான் பாத்தேன்."

"பாதிக் கடலா?"

"ம்."

"அதுவே எவ்வளவு இருந்துச்சு?"

அவர் கைகளை விரித்துக் காட்டப் பார்த்தார். போதவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் மூன்றாம் நாள்காரரின் தலை மெல்லச் சாய்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் முழங்கையால் இடித்தார். "தூங்கல, தூங்கல. வணிகர் மாதிரி யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்று அவர் நிமிர்ந்தார்.

எழுத்தர் அவர்களைக் கூப்பிட்டபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் இன்னும் ஆளுநர் மாளிகை பாக்கியிருந்தது. வழிகாட்டிப் பெண் அவர்களை மாளிகையின் சாப்பாட்டு அறைக்குள் அழைத்துப் போனாள். அடைத்த ஜன்னல்கள். தலைக்கு மேல் மங்கலான ஒரு சரவிளக்கு. நடுவே நீளமாக ஏதோ ஒன்று. அதைச் சுற்றி நாற்காலி உருவத்தில் சில. எல்லாவற்றின்மேலும் சாம்பல் நிறத்தில் தூசி, கம்பளம் விரித்தது போல.

ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் பயந்தார். விடுதியில் புதுப்பெண் யாராவது கட்டிலுக்கு அடியில் துடைக்காமல் விட்டால் வரும் முகம் அது.

"கண்ணைத் திருப்பிக்கோ" என்றார் மெதுவாக.

"எந்தப் பக்கம்?" என்றாள் அவள். எல்லாப் பக்கமும் தூசியாகத்தான் இருந்தது.

"மேதகு ஆளுநர் தம் இறுதி விருந்தை அருந்திய கூடம்" என்று வழிகாட்டிப் பெண் தொடங்கினாள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு முன்னால், அந்த நீளமான பொருளின்மேல், ஒரு சிறிய பலகை நின்றது. அதில் ஏதோ எழுதியிருப்பது போலிருந்தது. தூசியில் தெரியவில்லை. என்னவோ முக்கியமான அறிவிப்பு, படித்து அதன்படி நடக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில், அவள் கைப்பையிலிருந்து எப்போதும் வைத்திருக்கும் மஞ்சள் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள்.

'இங்குள்ள தூசி பாதுகாக்கப்பட்டது. துடைப்பது குற்றம்.'

ஆனால் அவளுடையது பல வருஷம் பழகிய கை. கண் படித்து முடிப்பதற்குள் அது பலகையிலிருந்து இறங்கி, பாதி தூரம் போய்விட்டிருந்தது. போன வழியெல்லாம் செம்பழுப்பு நிறத்தில் மரம் பளிச்சென்று எழுந்தது. சரவிளக்கு அதில் தலைகீழாகத் தெரிந்தது.

"அட, மேசை!" என்றார் மூன்றாம் நாள்காரர்.

வழிகாட்டிப் பெண் இரண்டு குரலும் இல்லாத மூன்றாவது குரலில் அலறினாள். ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய மணியின் கயிற்றை இழுத்தாள்.

வாரியத்தின் ஆணையர் வந்தார். கறுப்புக் கோட்டு, தலையை நிமிர்த்திய நடை, பின்னால் மூச்சிரைத்தபடி காவலாளி. துடைத்த இடத்தைப் பார்த்ததும் ஆணையர் நாற்காலியைத் தேடினார். அதிலும் தூசி இருந்ததால் நின்றுகொண்டார்.

"யார் செய்தது இது?"

"தெரியாம பண்ணிட்டா சார்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "போர்டு மேலயே தூசியா இருந்துச்சு. துடைச்சாத்தானே படிக்க முடியும்?"

"அது படிப்பதற்காக வைக்கப்பட்ட பலகை அல்ல. மீறாமல் இருப்பதற்காக வைக்கப்பட்ட பலகை." ஆணையரின் குரல் தழுதழுத்தது. "இந்தத் தூசி ஒரே நாளில் வந்ததா? எத்தனை ஆணையர்கள், எத்தனை துணை ஆணையர்கள், ஒரு விரலைக்கூட அசைக்காமல் இருந்து உருவாக்கியது! எனக்கு முன்பிருந்தவர் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு முன்பிருந்தவரும் ஒன்றும் செய்யவில்லை. நானும் பதவியேற்ற நாளிலிருந்து ஒன்றும் செய்ததில்லை. எங்கள் வாரியத்தில் ஒரு நாள்கூடத் தடைபடாமல் நடந்துவந்த ஒரே பணி இது. அதைப் போய் ஒரு மஞ்சள் துணி..."

வழிகாட்டிப் பெண் கைக்குட்டை கொடுத்தாள்.

"துணிய அப்படியே உதறினா திரும்ப விழுந்துடுமே சார்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

ஆணையர் அதைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "விழும். ஆனால் அடியில் இருந்தது மேலே வந்துவிடும். காலம் கலந்துவிடும்."

"கலந்துடும்ணே. நான் காலையிலயே சொன்னேன்ல?" என்றார் காவலாளி.

மனைவி துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். "நல்ல மேசைங்க. லேசா எண்ணெய் தொட்டுத் துடைச்சா முகம் பாக்கலாம்."

"மேசையா?" ஆணையர் குனிந்து பார்த்தார். "கல் மேடை என்றுதானே இருபது வருடமாகச் சொல்லி வருகிறோம்." சட்டென்று நிமிர்ந்து வழிகாட்டிப் பெண்ணிடம் திரும்பினார். "அந்தப் பக்கம் யாரையும் விடாதே. மறுபடி தூசி படிந்ததும் மேடை ஆகிவிடும்." பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்தார். "கேளுங்கள். எங்கள் பணியின் முதல் எதிரி கடல். அதன் காற்றும் உப்பும் இரவு பகல் பாராமல் எங்கள் செல்வங்களை அரிக்கின்றன. கடல் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கடற்கரை நகரத்தை இன்னும் எவ்வளவு சிறப்பாகப் பாதுகாத்திருக்கலாம்! இரண்டாவது எதிரி பார்வையாளர்கள். அவர்கள் வராவிட்டால் இவ்விடம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் விடுமுறை நாட்களில் வந்து பார்த்து மகிழ்வதுண்டு."

அவர் கையை நீட்டினார். வழிகாட்டிப் பெண் துரைமார் காலத்துச் சட்டப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய கட்டடங்களைப் போலவே பழைய சட்டங்களையும் வாரியம் ஒரு கல் பெயராமல் காத்து வந்தது. ஆணையர் சரியான பக்கத்தைத் திறந்தார்.

"தும்முதல், தூங்குதல் முதலிய சிறு குற்றங்களுக்கு முன்வாசல் வழியே அனுப்புதல். அது போதாது. இதோ. 'மேதகு ஆளுநரின் உடைமைக்குச் சேதம் விளைவித்தவர் எவராயினும், அவரும் அவருடன் வந்தவரும், கடல் வாசல் வழியே வெளியேற்றப்பட வேண்டும். மீண்டும் இக்கோட்டைக்குள் கால் வைக்கக் கூடாது.'"

ரொட்டிக்கடைக்காரருக்குக் காதில் முதலில் விழுந்தது 'வெளியேற்ற' என்ற சொல்தான். மனைவி ஜன்னல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. இனி அடுத்த விரிசலுக்குத்தான். அந்தக் கொத்தனார் வேறு நன்றாகப் பூசுகிறவர்.

"சார், என்னைய வேணும்னா இப்பவே அனுப்பிடுங்க. அவளுக்கு மட்டும் அந்தக் கலங்கரை விளக்கத்த ஒரு நிமிஷம்..."

"கருணைக்கு இடமில்லை! கடல் வாசல்!"

மனைவி ரொட்டிக்கடைக்காரரின் கையைத் தொட்டு நிறுத்தினாள். ஆணையரைப் பார்த்து மிகவும் பணிவாகக் கேட்டாள்:

"ஐயா, கடல் வாசலுக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

"ஒன்றும் இல்லை" என்றார் ஆணையர் கடுமையாக. "பட்டியலில் உள்ளது எதுவுமே இல்லை."

சுவருக்குப் பின்னால் யாரோ போர்வையை உதறினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மூன்றாம் நாள்காரர் அவர்கள் இருவரையும் பார்த்தார். அவள் மஞ்சள் துணியை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"தப்புதாங்க" என்றாள். "தண்டனை குடுங்க."

காவலாளி அவர்களை ஒரு இருட்டான வளைவு வழியாக அழைத்துப் போனார். அதன் முடிவில் இரும்புப் பட்டை போட்ட கதவு. சாவி திரும்பியது, கதவு அசையவில்லை.

"நான் சேந்ததுலேர்ந்து இதைத் திறந்ததில்லண்ணே. இந்த அளவுக்கு யாரும் குத்தம் பண்ணல" என்றார் காவலாளி, தோளால் முட்டியபடி. "கீல் இறுகிடுச்சு. கொஞ்சம் எண்ணெய் இருந்தா..."

"வெண்ணெய் இருக்கு" என்றார் ரொட்டிக்கடைக்காரர். பையில் இருந்த அரக்கு முத்திரையைப் பார்த்துத் தயங்கினார்.

"உடைங்கண்ணே. நாடு கடத்தினவங்களுக்கு ஏது சட்டம்?"

ரொட்டிக்கடைக்காரர் வெண்ணெயை விரலில் எடுத்து, ரொட்டி அச்சுக்குத் தடவுவது போலக் கீல்களில் மேலும் கீழும் சீராகத் தடவினார். மூவரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவு நீளமாக முனகிவிட்டுத் திறந்தது.

முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு காற்று. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மணலில் நடந்தாள். ஈரமான இடத்தில் நின்றாள். தண்ணீர் வந்து அவள் கால்களைச் சுற்றிவிட்டுப் போனது. மறுபடி வந்தது. அவள் நகரவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் சற்றுப் பின்னால் நின்றார். அன்றைக்குப் பார்க்காமல் விட்ட பாதி எது என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. முழுவதும் புதிதாக இருந்தது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். சுங்க மண்டபத்தில் காத்திருந்ததற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நினைத்தார்; பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டார்.

அலை ஒன்று மணல்மேல் ஏறி, அங்கே கிடந்த காலடித் தடங்கள், குச்சி, நுரை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு இறங்கியது. மணல் கண்ணாடி போலப் பளபளத்தது. அவள் குனிந்து அதன்மேல் விரலை ஓட்டினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "இது தானே துடைச்சுக்குதுங்க."

"ஆமா."

"ஒரு மூலை விடாம."

அவள் சிரித்தாள். இப்படி அவள் சிரித்து அவர் கடைசியாகப் பார்த்தது மகள் பிறந்த வருஷத்தில். ரொட்டியைப் பிய்த்து அவளிடம் பாதியைக் கொடுத்தார். மிச்சமிருந்த வெண்ணெயைத் தொட்டு இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். காவலாளிக்கும் ஒரு துண்டு கொடுத்தார். திடீரென்று அவருக்குப் பஸ் ஞாபகம் வந்தது.

"தம்பி, கோட்டைக்குள்ள மறுபடி கால் வைக்கக் கூடாதுன்னுட்டாரே. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறது?"

"இப்படியே சுவரோரமா கொஞ்ச தூரம் நடங்கண்ணே. சுவர் முடிஞ்சிடும். அங்க ஒரு சந்து. திரும்பினா எதிர்லயே பஸ் ஸ்டாண்ட்."

ரொட்டிக்கடைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். காவலாளி காட்டிய திசையில் பார்த்தார். சுவர் முடிகிற இடத்தில் யார் யாரோ குழந்தைகளோடு சாவகாசமாகக் கடலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்போ நாங்க காலையிலயே அப்படி வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம்" என்றார் காவலாளி. "எங்க வீடே அங்கதான இருக்கு. ஆனா யாரும் வழி கேக்கறதில்லண்ணே. எல்லாரும் டிக்கெட்தான் கேக்கறாங்க."

ரொட்டிக்கடைக்காரர் கோபப்படலாமா என்று யோசித்தார். அதற்குள் மாளிகைக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்டது. "கருணைக்கு இடமில்லை!" என்ற குரல் வளைவு வழியாக எதிரொலித்தது. சற்று நேரத்தில் மூன்றாம் நாள்காரர், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மெத்தையோடு ஓடி வந்தார். அவர் கையெல்லாம் சாம்பல் நிறம்.

"மேசையோட மிச்சப் பாதி!" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் போனார். அங்கே நின்று, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த ஒரு பெரிய தும்மலை நிம்மதியாகத் தும்மினார்.

மறுபடி மணி. மறுபடி கருணைக்கு இடமில்லை. இந்தத் தடவை ஒரு முழுக் குடும்பம், நாற்காலி துடைத்தவர்கள். அதற்கடுத்து சரவிளக்கு. அதற்கடுத்து இரண்டு கல்லூரிப் பெண்கள், ஆளுக்கொரு ஜன்னல். காவலாளி வாசலுக்கும் வளைவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஆளுநர் மாளிகையின் சாப்பாட்டு அறை, துரை சாப்பிட்டுவிட்டு எழுந்து போன நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சுத்தமானது. துடைப்பதற்கு இனி ஒன்றும் இல்லாததால் கருணைக்கும் வேலை இல்லாமல் போனது.

ஆறு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் காலில் மணல் ஒட்டியிருந்தது, தட்டிவிடவில்லை. பஸ் கிளம்பி, கருங்கல் சுவரைத் தாண்டி, சுவர் முடிகிற சந்துக்கு வந்தபோது ஒரு கணம் கடல் தெரிந்தது. பிறகு வீடுகள் வந்து மறைத்தன.

ஜன்னல் கண்ணாடியில் தூசி அப்பியிருந்தது. அவள் விரலை நீட்டி, அதில் ஒரு கோடு இழுத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரர் அவள் கைப்பையை எடுத்து, மஞ்சள் துணியைத் தேடிக் கொடுத்தார்.

அவள் வாங்கி, மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ங்க" என்றாள். "பின்னாடி யாராவது டிக்கெட் வாங்கிப் பாக்க வருவாங்க."